முதலில் கைக்கு வருவது

ஜூலை 3, திங்கள்

கூண்டுக்குள் கையை விட்டால் முதலில் எந்த எலி கைக்கு வரும்?

எனக்குத் தெரியவில்லை. இன்று வகுப்பில் ஜெனிட்டா கேட்டபோது தெரியாது என்றே சொன்னேன். இருபது வருடத்துக்கு மேலாகப் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பவள் தெரியாது என்றதும் பின்வரிசை விழித்துக்கொண்டது. அதற்காகவாவது அடிக்கடி சொல்லலாம் போல.

எங்கள் பல்கலைக்கழகத்தில் எலி, முயல் வைத்து ஆய்வு செய்யும் பிஎச்.டி. மாணவர்கள் எல்லோரும் என் வகுப்புக்கு வந்தாக வேண்டும். ஆய்வை எப்படித் திட்டமிடுவது, வரும் எண்களை எப்படிப் படிப்பது என்பதுதான் பாடம். ஆய்வெல்லாம் முடிந்த பிறகுதான் பலருக்கு என் நினைவு வரும். அழுக்குத் துணி போல எண்களை மூட்டையாகக் கட்டிக்கொண்டுவந்து, "கொஞ்சம் பி வேல்யூ பாத்துக் குடுங்க மேடம்" என்று நிற்பார்கள். கண்ட வித்தியாசம் தற்செயலா இல்லையா என்று சொல்லும் எண் அது. நான் வெளுத்துக் கொடுக்க வேண்டும்.

இன்று சொன்னது மிக எளிய விஷயம். ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க எலிகளை இரண்டாகப் பிரிக்கிறோம். ஒரு பாதிக்கு மருந்து. மறு பாதிக்கு வெறும் தண்ணீர், அது கண்ட்ரோல். எந்த எலி எந்தப் பக்கம் போகும் என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்ய வேண்டும், நம் கை முடிவு செய்யக் கூடாது என்றேன்.

சுடலைமுத்து எழுந்தான். "நாங்க எங்க மேடம் முடிவு பண்ணுதோம்? கண்ண மூடிக்கிட்டுல்லா கைய விடுதோம். எது கடிக்கலையோ அது வருது."

எல்லோரும் சிரித்தார்கள். ஜெனிட்டா சிரிக்கவில்லை. அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

மதியம் புனிதவதியிடம் சொன்னேன். ஜெனிட்டாவின் கைடு அவள்தான். மருந்தியல் துறைத் தலைவி. பி.எஸ்சி. படித்தபோது பாளையங்கோட்டை விடுதியில் நாங்கள் ஒரே அறை. இப்போது என் குழம்பும் அவள் பொரியலும் ஒரே மேசையில். அவள் அறையில் ஏ.சி. இருப்பதால் அங்கே.

"இத என்கிட்ட ஏன் கேக்க? எலிகிட்டல்லா கேக்கணும்" என்றாள். நான் கொண்டுபோன தேங்காய்ப்பால் சொதி முழுவதையும் அவளே ஊற்றிக்கொண்டாள்.

ஜூலை 4

மிக்சி ஜார் ஒழுகுகிறது. வாஷர் மாற்றக் கொடுத்தேன். வேறொன்றும் இல்லை.

ஜூலை 6, வியாழன்

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகும் ஜெனிட்டா நின்றுகொண்டிருந்தாள். உவரிக்காரப் பெண். நான்காவது வருடம். ஒரு கொடியின் வேர்ச் சாறு தசைக்கு வலுக் கொடுக்கிறது என்பது அவள் ஆய்வு. சுழலும் கம்பியின் மேல் எலியை நிறுத்தி, எவ்வளவு நேரம் விழாமல் நிற்கிறது என்று பார்ப்பார்கள். சாறு குடித்த எலி அதிக நேரம் நிற்கிறதாம். ஆய்வேடு எழுதி முடித்தாயிற்று. ஐதராபாத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலையும் கிடைத்துவிட்டது. அக்டோபருக்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பித்திருக்க வேண்டும்.

"மேடம், எங்க லேப்ல மொதல்ல கைக்கு வர்ற எலி எப்பவும் கண்ட்ரோல்தான்" என்றாள்.

"எப்பவும்னா?"

"ஒரு கூண்டுல ஆறு எலி. மொதல்ல வர்ற மூணுக்குத் தண்ணி. மிச்ச மூணுக்கு மருந்து."

ஏன் என்று கேட்டேன். காரணத்தை அவள் சொல்லச் சொல்ல எனக்குக் காது சூடாகிக்கொண்டு வந்தது. எலியின் வாய் வழியாக வயிற்றுக்குள் மருந்து செலுத்த ஒரு வளைந்த ஊசி உண்டு. அந்த லேபில் அது ஒன்றே ஒன்றுதான். சாறு பட்ட ஊசியால் கண்ட்ரோல் எலிக்குத் தண்ணீர் கொடுத்தால் ஒரு துளி சாறு உள்ளே போய்விடலாம். எனவே தண்ணீரை முதலில் கொடுத்துவிட வேண்டும். தண்ணீர் முதலில் என்றால் கண்ட்ரோல் முதலில். எனவே முதலில் பிடிபட்டது கண்ட்ரோல்.

சுத்தத்துக்காக ஏற்பட்ட வழக்கம். யாரும் ஏமாற்ற நினைத்துச் செய்ததில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். ஏமாற்றியிருந்தால் ஒருவரையாவது நிற்கவைத்துத் திட்டலாம்.

"ஆனா தீசிஸ்ல 'விலங்குகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டன'ன்னு எழுதியிருக்கியே?"

"அது சீனியர் அக்கா தீசிஸ்ல இருந்து எடுத்தது மேடம். அவங்க அவங்க சீனியர்ட்ட இருந்து எடுத்தாங்க."

நூலகத்துக்குப் போய்ப் பார்த்தேன். புனிதவதியிடம் பட்டம் வாங்கியவர்களின் ஆய்வேடுகள் பதினொன்று, ஒரே நீல அட்டை. பதினொன்றிலும் அதே வாக்கியம். ஒன்றில் எழுத்துப்பிழை; அதற்குப் பிந்திய நான்கிலும் அதே எழுத்துப்பிழை.

ஆய்வேட்டுக் குழுக்களில் புள்ளியியல் ஆசிரியர் ஒருவர் இருக்க வேண்டும் என்று இந்த வருடம்தான் விதி மாறியது. ஜெனிட்டாவின் குழுவில் நான் இருக்கிறேன். அதற்கு முன் ஒருவரும் என்னைக் கூப்பிட்டதில்லை.

ஜூலை 10, திங்கள்

கோபப்படுவதற்கு முன் பார்க்க வேண்டும். பிடிபடும் வரிசைக்கும் எலியின் வலுவுக்கும் தொடர்பே இல்லாவிட்டால் இந்த வழக்கத்தால் ஒரு கெடுதலும் இல்லை. எனக்கே அப்படி இருந்தால் நிம்மதி.

அடுத்த ஆய்வுக்கென்று புதிய எலிகள் முப்பது வந்திருக்கின்றன. இன்னும் எதற்கும் மருந்து கொடுக்கவில்லை. வாலில் மையால் கோடு போட்டிருப்பதால் எது எது என்று அடையாளம் தெரியும். கூண்டு மாற்றும் நாட்களில் எப்படியும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத்தான் ஆக வேண்டும். எந்த வரிசையில் வருகின்றன என்று மட்டும் ஜெனிட்டாவைப் பார்க்கச் சொன்னேன். எலிக்குக் கூடுதலாக ஒரு சிரமமும் இல்லை.

ஜூலை 17, திங்கள்

அநேகமாக அதே எலிகள் அதே வரிசையில் வருகின்றன. மூன்றாம் கூண்டில் ஒன்று, கை உள்ளே போனதுமே தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறதாம். பிள்ளைகள் அதற்கு 'ஆமாஞ்சாமி' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"நம்ம டிபார்ட்மெண்ட் மீட்டிங்குக்கு அனுப்பலாம் மேடம்" என்றான் அதே லேபில் இருக்கும் சுடலைமுத்து.

நாளை எலிகளைக் கம்பியில் ஏற்றுகிறார்கள். மருந்து தொடங்குமுன் பழக்குவதற்காக வழக்கமாகச் செய்வதுதான். ஜெனிட்டாவை நேரம் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எதை எதிர்பார்க்கிறோம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தவள் கையில் கடிகாரம் இருக்கக் கூடாது. சுடலைமுத்து பார்ப்பான். எதற்காக என்று அவனுக்குச் சொல்லவில்லை. "நீங்க என்னைய நம்பலையா மேடம்?" என்றாள். யாரையும் நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்றேன். கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேனோ என்று வீட்டுக்கு வந்த பிறகு தோன்றியது.

ஜூலை 19, புதன்

வரைபடம் போட்டுப் பார்த்தேன். மறுபடி போட்டேன். மதியம் புனிதவதியிடம் தலைவலி என்று சொல்லி என் அறையிலேயே இருந்துகொண்டேன்.

முதலில் பிடிபட்ட எலிகள் சீக்கிரம் விழுகின்றன. கடைசியில் பிடிபட்டவை நிற்கின்றன. ஓடி ஒளியத் தெரிந்த எலிக்குக் கம்பியிலும் நிற்கத் தெரிகிறது என்பதா, வேறு ஏதாவதா, எனக்குத் தெரியாது. ஆனால் இரண்டு பாதிக்கும் உள்ள வித்தியாசம், ஜெனிட்டாவின் ஆய்வேட்டில் சாறு குடித்த எலிக்கும் குடிக்காத எலிக்கும் உள்ள வித்தியாசம் அளவுக்கே இருக்கிறது.

இந்த முப்பது எலியில் ஒன்றுகூட ஒரு சொட்டுச் சாறு குடித்ததில்லை. மருந்தே இல்லாமல் மருந்து வேலை செய்திருக்கிறது.

பதினொரு ஆய்வேடு. ஒவ்வொன்றிலும் ஆய்வு முடிந்ததும் எலிகளைக் கொன்று தசையை வெட்டி எடுத்திருக்கிறார்கள். எலி எலிதானே என்று நான் சொல்லமாட்டேன். ஒரு கேள்விக்கு விடை வேண்டும் என்றுதான் அதைக் கொல்ல நமக்கு அனுமதி. கேள்வியையே கேட்காமல் கொன்றிருக்கிறோம். இதற்கு என்ன பெயர்?

ஜூலை 20, வியாழன்

சொல்லிவிட்டேன். புனிதவதி சாப்பிட்டு முடித்த பிறகு சொல்லியிருக்கலாம்.

"உன் லேப்ல மொதல்ல பிடிபடுறதெல்லாம் கண்ட்ரோல். உனக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? நாந்தானட்டி சொல்லிக் குடுத்தேன். ஊசி ஒண்ணுதான இருக்கு."

வரைபடத்தைக் கொடுத்தேன். கையில் கரண்டியோடு பார்த்தாள். முட்டாள் இல்லை அவள். விடுதியில் எனக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்தவள். பார்த்ததும் புரிந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. அதன் பிறகும் பேசினாளே, அதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

"எத்தன எலி?"

"முப்பது."

"முப்பது எலிய வச்சு என் பன்னெண்டு வருசத்தக் கவுத்துருவியா?"

"நான் எதையும் கவுக்கல. சீட்டுக் குலுக்கித் திருப்பிச் செய்யின்னுதான் சொல்லுதேன். மருந்து நெசமாவே வேல செஞ்சா நானே ஊர் பூரா சொல்லுதேன்."

"திருப்பிச் செய்யவா? அந்தப் பிள்ள ஐதராபாத் போக வேண்டாமா? நீ குளுகுளுன்னு உக்காந்து கணக்குப் போடுத. நான் எலி மூத்திரத்துல நிக்கேன்."

"ஏ.சி. உன் ரூம்லதான் இருக்கு."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. கரண்டியை வைத்தாள்.

"பொறாமைட்டி உனக்கு. உனக்குன்னு ஒரு லேப் கெடையாது, ஒரு ஸ்டூடன்ட் கெடையாது. வீட்டுக்குப் போனாலும் ஏன்னு கேக்க ஆளு கெடையாது. கோவப்பட உனக்கு நேரம் இருக்கு. எனக்கு இல்ல."

டப்பாவைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மூடியை அங்கேயே விட்டுவிட்டேன் போலிருக்கிறது.

பொறாமையா என்று வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். இல்லை.

ஜூலை 21

இல்லவே இல்லை.

ஜூலை 22, சனி

குழம்பு மிஞ்சுகிறது. ஒரு ஆளுக்கு மட்டும் வைக்கக் கை வரவில்லை. ஆடிக் காற்று, மாடியில் காயப்போட்ட துணியெல்லாம் புழுதி. மறுபடி நனைத்துப் போட்டேன்.

ஜூலை 25, செவ்வாய்

ஜெனிட்டா வந்தாள். ஆய்வேட்டில் அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு, 'கைக்கு வந்த வரிசையில் பிரிக்கப்பட்டன' என்று எழுதிக் கைடிடம் கொண்டுபோயிருக்கிறாள்.

"திட்டுனாங்களா?"

"திட்டல மேடம். திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல. 'எல்லாரும் எழுதுறதுதான, பழையபடி மாத்தி பிரிண்ட் எடு'ன்னு சொல்லிட்டு போன் பேசப் போயிட்டாங்க."

"மாத்திட்டியா?"

"மாத்திட்டேன். எங்க அம்மா இப்பவே தெருவுல எல்லார்ட்டயும் டாக்டர்னு சொல்லிட்டு இருக்காங்க மேடம்" என்றாள்.

"திங்கக்கிழமை கமிட்டில நீ எதுவும் பேச வேண்டாம். கையெழுத்துப் போடமாட்டேன்னு நான் சொல்லிக்கிடுதேன். அது என் வேலை."

"நீங்க போடலைன்னா எனக்குத்தான மேடம் வேலை போகும்?"

உண்மை அது. பதினொரு பேர் இதே வழக்கத்தில் பட்டம் வாங்கிப் போய்விட்டார்கள்; அவர்களில் இரண்டு பேர் இன்று பேராசிரியர்கள். வழக்கத்தை உண்டாக்கியவளுக்கு ஏ.சி. அறை, துறைத் தலைவி பதவி. கேள்வி கேட்டவளுக்கு மட்டும் தண்டனை. அதை என் கையால் கொடுக்க வேண்டுமாம். இதைவிட அயோக்கியத்தனமான ஏற்பாட்டை யாராவது உட்கார்ந்து திட்டம் போட்டாலும் செய்ய முடியாது.

தோசைக்கு அரைத்துவிட்டுப் படுக்க வேண்டும். மிக்சி சரியாகிவிட்டது.

ஜூலை 31, திங்கள்

குழு கூடியது. புனிதவதி, நான், சென்னையிலிருந்து வந்த ஒரு பேராசிரியர். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டால்தான் ஆய்வேடு வெளியே போகும்.

பேராசிரியர் நல்ல மனிதர்தான். ரயிலில் சரியாகத் தூங்கவில்லை. பக்கங்களைப் புரட்டிக்கொண்டே, "எலிகளை எப்படிம்மா பிரிச்சீங்க?" என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டார். அதற்கு ஒரு பதில்தான் உண்டு, எல்லோரும் சொல்லும் பதில். ஜெனிட்டா அதைச் சொல்வாள், பிறகு நான் பேச வேண்டும் என்று காகிதங்களை எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஜெனிட்டா என் பக்கம் திரும்பாமல் அவரையே பார்த்துச் சொன்னாள்.

"கைக்கு வந்த வரிசையில சார். மொதல்ல வந்தது கண்ட்ரோல். தீசிஸ்ல இருக்கது தப்பு."

பேராசிரியர் சிரித்தார். "கைக்கு வர்றதும் ஒரு குலுக்கல் மாதிரிதானேம்மா? நாங்கள்லாம் அந்தக் காலத்துல அப்படித்தான் செஞ்சோம்."

அப்படித்தான் செய்தீர்கள் என்பது தெரிகிறது என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லாமல் வரைபடத்தை அவர் முன்னால் வைத்தேன். இந்த எலிகளுக்கு எந்த மருந்தும் கொடுக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். அப்புறம் சிரிக்கவில்லை.

"இந்தப் பொண்ணோட நாலு வருஷம் என்ன ஆகறது மேடம்?" என்று என்னைத்தான் கேட்டார். எல்லோரும் என்னைத்தான் கேட்கிறார்கள்.

நான் கையெழுத்துப் போடவில்லை. பேராசிரியரும் பேனாவை மூடிவிட்டார். சீட்டுக் குலுக்கிப் பிரித்து ஆய்வை மறுபடி செய்ய வேண்டும் என்று தீர்மானம். அக்டோபருக்குள் முடியாது. புனிதவதி எழுந்து போகும்போது வாசலில் நின்று, "உங்களுக்குத் திருப்திதானே மேடம்?" என்றாள். முப்பது வருடப் பழக்கத்தில் அவள் என்னை 'மேடம்' என்றது இதுதான் முதல் தடவை. மாணவர்கள் முன்னால்கூட அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை.

ஜெனிட்டாவை நடைபாதையில் பார்த்தேன். அழுதிருந்தாள். "ஐதராபாத்துக்கு மெயில் போட்டுட்டேன் மேடம், வர முடியாதுன்னு. வெயிட் பண்ணுவாங்களான்னு கேட்டிருக்கேன். பண்ண மாட்டாங்க."

நாளை என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். புனிதவதியை எனக்குத் தெரியாதா? ஒரு வார்த்தைகூடத் திட்டாமல் ஜெனிட்டாவை ஒதுக்கிவிடுவாள். எலி இல்லை, கூண்டு காலியில்லை, மிஷின் ரிப்பேர் என்று மாதக்கணக்கில் இழுத்தடிப்பாள். அந்த முப்பது எலியும் வேறு யாருக்காவது போய்விடும். கைடை மாற்றித் தர வேண்டும் என்று டீனுக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். மூன்று பக்கம். அதில் பதினொரு ஆய்வேடுகளைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். காலையில் முதல் வேலையாக அதைப் புனிதவதியின் மேசையில் போட்டு, படித்துப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு, பிறகு டீனிடம் கொடுப்பேன். விடுதி, சொதி, எதையும் நினைக்கப்போவதில்லை.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

அவள் அறை பூட்டியிருந்தது. எலிகள் வைத்திருக்கும் கட்டடத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். மனுவைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். வாசலில் கவுனும் தொப்பியும் மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். அதைக் கட்டிக்கொள்வதற்குள் என் கோபத்தின் முதல் வரி மறந்துபோயிற்று.

உள்ளே ஜெனிட்டா மூன்றாம் கூண்டைத் திறந்துகொண்டிருந்தாள். புனிதவதி பக்கத்தில் கவுனோடு நின்றாள். அவளை இந்தக் கட்டடத்துக்குள் பார்த்து வருடக்கணக்காகிறது. மேசையில் தட்டு ஒன்றில் வளைந்த ஊசிகள் இரண்டு. ஒன்று புதிது, உறை கூடப் பக்கத்தில் கிடந்தது.

ரெண்டு ஊசி. இவ்வளவுதான். பன்னிரண்டு வருடமாக இல்லாதது இவ்வளவுதான்.

நான் பார்த்ததைப் புனிதவதியும் பார்த்தாள். "மொறைக்காதட்டி" என்றாள். கண் வீங்கியிருந்தது. "நேத்து சாயங்காலமே ஐதராபாத்துக்குப் பேசிட்டேன். தப்பு என் லேப் வழக்கம், அந்தப் பிள்ளையோடது இல்லைன்னு சொன்னேன். அங்க உள்ளவன் ஜனவரி வரைக்கும் பாக்கேன்னு சொல்லியிருக்கான். அதுக்கு மேல அவன் கையில."

"பழைய பதினொண்ணு?" என்றேன்.

அவள் புது ஊசியின் உறையை எடுத்துக் கசக்கினாள். நானும் விட்டுவிடப்போவதில்லை. மனு இன்னும் கைப்பையில்தான் இருக்கிறது.

மேசையில் ஒரு எவர்சில்வர் டம்ளர். அவள் காபி குடிக்கும் டம்ளர். அதில் கூண்டின் ஆறு எலிக்கும் ஆறு மடித்த சீட்டுகள். அதை என் பக்கம் தள்ளினாள்.

"சீட்ட நீ எடு. நான் எடுத்தா நம்ப மாட்டே."

குத்தலாகத்தான் சொன்னாள். ஆனாலும் முறை அதுதான். எலியைத் தொடாத ஆள்தான் சீட்டு எடுக்க வேண்டும். அதை நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன், அவளிடம் சொன்னதில்லை.

"உன் மூடி என் ரூம்ல கெடக்கு" என்றாள் அதோடு சேர்த்து.

ஜெனிட்டா கையை உள்ளே விட்டாள். விட்டதுமே ஆமாஞ்சாமி வந்து அவள் உள்ளங்கையில் உட்கார்ந்துகொண்டது. மூவரும் அதைப் பார்த்தோம். நான் சீட்டை எடுத்துப் பிரித்தேன்.

மருந்து.